தெம்பை அளக்க நான் கொடுத்த 34,000 ரூபாய்

என்னை முதலில் கைவிட்டது என் கைதான். காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் வீட்டிலேயே பலகாரம் செய்து கொடுக்கிறேன். 19 வருடமாக இதுதான் தொழில். கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், மாவுருண்டை. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), தீபாவளி என்று சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஆச்சிமார்கள் போனில் சொல்வார்கள், டின்னில் அடைத்து அனுப்புவேன். கைமுறுக்கு அச்சில் பிழிகிற வேலை இல்லை. மாவை விரல்களுக்கு நடுவில் முறுக்கி முறுக்கி வட்டமாகச் சுற்ற வேண்டும். தீபாவளி நேரத்தில் ஒரு நாளைக்கு 300 சுற்றுவேன், ஊர்க்கதை பேசிக்கொண்டே சுற்றுவேன். 2023 தீபாவளிக்கு முந்தைய வாரம் 80 தாண்டியதும் விரல் நின்றுவிட்டது. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். தேன்குழல் அச்சை அழுத்த முடியாமல் என்னோடு வேலை செய்யும் அக்காவிடம் நீட்டினேன். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் பிழிந்தார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் எனக்குச் சுருக்கென்றது.

காய்ச்சல் என்றால் கையை வைத்துப் பார்க்கலாம். வலி என்றால் இடத்தைக் காட்டலாம். தெம்பில்லை என்றால் எதைக் காட்டுவது? வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். போனில் "என்ன செய்யுது?" என்று கேட்பார்கள். "ஒண்ணும் செய்யல, தெம்புதான் இல்ல" என்பேன். "ரெஸ்ட் எடு" என்பார்கள். படுத்தேன். பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் இரவெல்லாம் மூட்டை சுமந்தவள்போலத்தான் எழுந்தேன். ஊரில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்: "46 ஆச்சுல்ல, நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்." எனக்கு நிற்கவில்லை, அதுதான் பிரச்சினை. மாதம் பத்து நாள் போய்க்கொண்டிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்தால் வெட்கம் என்பது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம், எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். 2024 தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பார்க்கக் குன்றக்குடிக்குப் போனேன். வருடா வருடம் ஒரே மூச்சில் ஏறுகிற மலைதான். அன்றைக்கு மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். காவடி தூக்கியவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். முருகனிடம் என்ன வேண்டினேன் என்றால், எனக்கு என்ன என்று யாராவது சொன்னால் போதும் என்றுதான்.

சொல்வதற்கு ஆட்கள் தயாராகத்தான் இருந்தார்கள், காசுக்கு. பிப்ரவரியில் வீட்டுக்கே வந்து இரத்தம் எடுக்கும் முழு உடல் பரிசோதனை என்று போனில் விளம்பரம் வந்தது. 2,999 ரூபாய், 80 சொச்சம் டெஸ்ட். மறுநாள் 14 பக்க அறிக்கை வந்தது. முதல் பக்கத்தில் பெரிய பச்சை வட்டம், அதற்குள் ஆரோக்கிய மதிப்பெண் 78. நூற்றுக்கு 78 என்றால் நான் பள்ளிக்கூடத்தில் வாங்கியதைவிட அதிகம். கீழே வைட்டமின் டி மட்டும் சிவப்பில் இருந்தது. அன்று மாலையே ஒரு பெண் போன் செய்து வைட்டமின் டி குறைவால்தான் சோர்வு என்று சொல்லி 2,200 ரூபாய்க்கு மாத்திரை அனுப்பினார். நான் அந்த அறிக்கையை மடித்து பீரோவில், பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தேன். இந்த பீரோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

மாத்திரை தீர்ந்தது, தெம்பு வரவில்லை. ஏப்ரலில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். 500 ரூபாய் கட்டினால் ஒரு கருவி உடம்பு முழுக்க அளந்துவிடுமாம். பித்தளை நிறத்தில் ஒரு உலோகக் கம்பி, அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒயர். கம்பியை இரண்டு நிமிடம் பிடித்தேன். ஈரல், மண்ணீரல், எலும்பு, மூளை, தோல் என்று பக்கம் பக்கமாக அச்சாகி வந்தது. கடைசிப் பக்கத்தில் "உயிராற்றல் 41 சதவீதம்". அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, பயத்தில் இல்லை. ஐந்து மாதமாக நான் சொல்லிக்கொண்டிருந்ததை யாரோ எண்ணாக எழுதிக் கொடுத்துவிட்டார்களே என்ற நிம்மதியில். அந்த நிம்மதிதான் அவர்கள் விற்கிற சரக்கு என்பது அப்போது புரியவில்லை. மாதம் 4,800 ரூபாய்க்குச் சத்துமாவு டப்பா ஒன்று, மூன்று மாதத்துக்கு. மொத்தம் 14,400. முதல் டப்பா முடிந்ததும் மறுபடி கம்பியைப் பிடிக்கச் சொன்னார்கள். 63 சதவீதம். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றிலிருந்து நாலு நாள் தெம்பாகத்தான் இருந்தேன். மாடிக்குத் துணி காயப்போட நானே போனேன். அஞ்சாம் நாள் பழைய கதை.

சந்தேகம் வராமல் இல்லை. அந்த இரண்டாம் முறை, துணைக்கு வந்த அக்காவையும் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். 25 கிலோ அரிசிச் சிப்பத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுகிற மனுஷி. அவருக்கு வந்தது 38 சதவீதம். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் சிரித்துக்கொண்டே வந்தார், நான் சிரிக்கவில்லை. காசு கட்டியாகிவிட்டது, இனி அது பொய் என்று ஒப்புக்கொண்டால் நான் ஏமாந்தவள் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டுமே. அதற்காகவே மீதி இரண்டு டப்பாவையும் குடித்து முடித்தேன். இதைப் படிக்கிற யாராவது அப்படிக் கம்பியைப் பிடிக்கப் போகிறவராக இருந்தால் ஒன்று சொல்கிறேன்: கையில் பிடிக்கிற உலோகக் கம்பி வழியாக ஈரலின் நிலையையோ இரத்தத்தில் உள்ள இரும்பையோ எந்தக் கருவியாலும் சொல்ல முடியாது. இரத்தத்தில் இருப்பதை இரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அளக்கிறவரே மருந்தும் விற்கிறவராக இருந்தால் அங்கே உட்காரவே வேண்டாம்.

நான் அடுத்த இடத்திலும் உட்கார்ந்தேன். ஆகஸ்டில், வைட்டமின் டிரிப்ஸ். அழகு நிலையம் மாதிரி ஏசி அறை, சாய்வு நாற்காலி, மஞ்சள் நிறத் திரவம். ஒரு தடவைக்கு 3,500 ரூபாய், நாலு தடவை, 14,000. ஏற்றுகிற ஒரு மணி நேரம் குளுகுளுவென்று நன்றாக இருந்தது, வேறு யார்தான் என்னை ஒரு மணி நேரம் சாய்ந்து உட்கார விட்டார்கள். இரத்தம் சோதிக்கவில்லை, நாடி பார்க்கவில்லை, மாதவிலக்கு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள். சீப்புச் சீடை, மூன்றாவது ஈடு. எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். சட்டி தூரமாகப் போகிற மாதிரி இருந்தது, காதுக்குள் வண்டு பறக்கிற சத்தம். அக்கா என் சேலையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். நான் தரையில் விழுந்தேன், கண்கரண்டி எண்ணெயில் விழுந்தது, தெறித்ததில் முன்கையில் நாலு இடத்தில் கொப்புளம். அவ்வளவோடு போயிற்று. அவர் இழுக்காமல் இருந்திருந்தால் எந்தப் பக்கம் விழுந்திருப்பேன் என்று இன்றைக்கும் சட்டி வைக்கும்போது ஒரு தடவை தோன்றும். "நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு வா தங்கச்சி, இல்லேன்னா நான் வேலைக்கு வரமாட்டேன்" என்றார். வரமாட்டேன் என்றால் வரமாட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் வரிசை, டாக்டர் பார்த்தது ஆறேழு நிமிடம். அந்த ஆறேழு நிமிடத்தில் பத்து மாதக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. அந்த அம்மா முதலில் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையையும் நகத்தையும் பார்த்தார். படியேறினால் மூச்சு வாங்குதா என்றார். மாதவிலக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகுதா என்றார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அப்புறம் கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி: "பச்சரிசி திங்கிறீங்களாம்மா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முறுக்கு மாவுக்கு ஊறவைத்து நிழலில் உலர்த்துகிற அரிசியை ஒரு வருடமாகப் பிடிப்பிடியாகத் தின்றுகொண்டிருந்தேன். தொழில் புத்தி, வாய் சும்மா இருக்காது என்று வீட்டில் கேலி செய்வார்கள். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அரிசி, மண், சாம்பல், ஐஸ்கட்டி என்று எதையாவது மெல்லத் தோன்றுமாம். அது கெட்ட பழக்கம் இல்லை, அறிகுறி. பக்கத்தில் நின்ற அக்கா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

ஹீமோகுளோபின் 7.6. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, 8க்குக் கீழே என்றால் கடுமையானது. "இதுக்கு முன்னாடி ஏதாவது டெஸ்ட் எடுத்தீங்களா?" என்றார். மறுநாள் பீரோவில் இருந்ததைக் கொண்டுபோனேன். முதல் பக்கத்துப் பச்சை வட்டத்தை அவர் பார்க்கவே இல்லை. மூன்றாம் பக்கத்தைத் திருப்பி ஒரு வரியைப் பேனாவால் வட்டமிட்டார். ஹீமோகுளோபின் 9.4. பக்கத்தில் எறும்பு அளவுக்கு ஒரு நட்சத்திரக் குறி. "ஏழு மாசமா இது உங்க வீட்லதான் இருந்திருக்கு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எண்பது எண்களைக் கூட்டி வகுத்து ஒரு மதிப்பெண் போட்டால், எழுபத்தொன்பது சரியாக இருந்து ஒன்று மட்டும் ஆளைச் சாய்க்கிற அளவுக்குக் கெட்டிருந்தாலும் மதிப்பெண் பச்சையில்தான் வரும். குழம்பில் உப்பு மட்டும் போடவில்லை, மற்ற பதினெட்டுச் சாமானும் சரியாகப் போட்டேன், எனவே நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று சொல்கிற மாதிரி. தெம்பில்லை என்று போகிறவர்கள் பார்க்க வேண்டிய வரிகள் குறைவுதான். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்எச், வைட்டமின் பி12, மூன்று மாதச் சர்க்கரை அளவு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின். இதில் ஃபெரிட்டின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கிற இரும்பின் கணக்கு. ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே அது குறைய ஆரம்பித்துவிடும். கல்லாவில் காசு இருக்கும்போதே பெட்டகம் காலியாவது மாதிரி. எனக்கு அது 6 இருந்தது, 15க்குக் கீழே என்றால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்குப் பி12 குறையலாம், அவர்கள் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இரவில் பலமாகக் குறட்டை விட்டு, காலையில் அசதியோடு எழுகிறவர்கள் தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும், அது இரத்தத்தில் தெரியாது. எந்த அறிக்கையாக இருந்தாலும் அதை ஒரு டாக்டர் கண்ணில் காட்டாமல் பீரோவில் வைக்காதீர்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதாவது தெருவில் பாதிக்கு மேல். அதனால்தான் "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. எல்லாருக்கும் இருப்பது உண்மைதான், அது சரி என்பதுதான் பொய்.

ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி தெரிந்தது, சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். போக்கைக் குறைக்க மாத்திரை. இரும்புச்சத்து மருந்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்து தடவை டிரிப்ஸில் ஏற்றினார்கள். 14,000 கொடுத்து ஏற்றிய மஞ்சள் தண்ணீரைவிட இது கறுப்பு, பார்க்க லட்சணமில்லை, காசும் இல்லை. அப்புறம் இரும்புச்சத்து மாத்திரை. மாத்திரை விஷயத்தில் நான் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். காலையில் டீயோடு மாத்திரையை விழுங்கினேன். அடுப்படியில் நாள் முழுக்க டீதான், ஆறு தம்ளர். டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேரவிடாது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விட வேண்டும், கால்சியம் மாத்திரையையும் கூடப் போடக் கூடாது என்று மருந்து கொடுக்கும் இடத்தில் இருந்த தம்பிதான் சொன்னார். நெல்லிக்காய், எலுமிச்சம்பழச் சாறு சேர்த்தால் நல்லது. மலம் கறுப்பாகப் போகும், அதைப் பார்த்துப் பயந்து இரண்டு நாள் நிறுத்தினேன், தேவையில்லாத பயம். எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, ஆறாவது வாரம் தெம்பு வந்ததும் மாத்திரையை மறந்தது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதமாவது தொடர வேண்டும். இதற்கு மட்டும் டாக்டரம்மா நன்றாகவே திட்டினார்.

இதற்கு நடுவில் என் தங்கை மகள் தீபாவளிக்கு வந்தாள். மதுரையில் உளவியல் படிக்கிறாள். 41 சதவீதம், 63 சதவீதம் கதையைக் கேட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "தெம்பை நிஜமாவே அளக்கலாம் பெரியம்மா, கம்பியெல்லாம் வேண்டாம், உங்களைக் கேட்டாலே போதும்" என்றாள். 1997இல் ரிச்சர்ட் ரயன், கிறிஸ்டினா ஃபிரெடரிக் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஏழு வாக்கியங்களை வைத்து ஓர் அளவுகோல் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு வாக்கியமும் நமக்கு எவ்வளவு பொருந்தும் என்று 1 முதல் 7 வரை போட வேண்டும். அடுத்த நாள் விடிவதை எதிர்பார்க்கிறேனா, விழிப்போடு இருக்கிறேனா என்கிற மாதிரி. ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொல்லத் திணறினாள். உயிர்ப்பு தாங்காமல் வெடித்துவிடுவேன்போல இருக்கிறது என்கிற பொருளாம். நமக்கு நெஞ்சு வெடித்தால் அது துக்கம். நான் 7 போடப் பார்த்தேன், அவள் தடுத்துவிட்டாள். "கால் தரையில பாவல" என்று வைத்துக்கொள்ளலாமா என்றேன், எழுதிக்கொண்டாள். அயலூர் அளவுகோலை வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்து நம் ஆட்களிடம் நீட்டினால் என்ன விடை வரும் என்று நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

அவள் சொன்னதில் எனக்குத் தைத்த விஷயம் வேறு. அந்த ஆய்வில் தீராத வலி உள்ளவர்களைக் கேட்டபோது, தெம்பு குறைந்திருந்தது குறிப்பாக யாருக்கு என்றால், அந்த வலி தங்களை முடக்கிவிடும் என்று நினைத்தவர்களுக்கும் அதை நினைத்துப் பயந்தவர்களுக்கும். உடம்பு குறைவது ஒரு பங்கு, என்னவென்று தெரியாத பயம் இன்னொரு பங்கு தின்றுவிடுகிறது. ஹீமோகுளோபின் 7.6 என்று தெரிந்த அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன், ஒரு மருந்தும் உள்ளே போவதற்கு முன்பே. அவள் இன்னொன்றும் கொடுத்தாள். உலக சுகாதார நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஐந்து கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில் மனம் மகிழ்ச்சியாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, சுறுசுறுப்பாக இருந்தீர்களா, தூங்கி எழும்போது புத்துணர்ச்சி இருந்ததா, அன்றாட வாழ்க்கையில் பிடித்த விஷயங்கள் இருந்தனவா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி நாலால் பெருக்கினால் நூற்றுக்கு மதிப்பெண். 50க்குக் கீழே என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். எனக்கு 24 வந்தது. நூறு ரூபாய்கூட ஆகாத இந்த ஐந்து கேள்வியை 2023இலேயே யாராவது கேட்டிருந்தால் என்று நினைத்தேன். ஆனால் இந்த எண்ணும் காரணத்தைச் சொல்லாது, கதவைத் தட்டு என்று மட்டும்தான் சொல்லும்.

அது எப்படித் தெரிந்தது என்றால், என்னோடு வேலை செய்கிற அக்காவையும் அன்றைக்கே கேட்டோம். அவருக்கு 28. ஆஸ்பத்திரியில் பார்த்தால் ஹீமோகுளோபின் 12.4, தைராய்டும் சர்க்கரையும் சரி. அரிசிச் சிப்பம் தூக்குகிற உடம்பு. ஆனால் காலையில் எதற்கு விடிகிறது என்று இருக்கும் என்றார், ஐந்து வருடத்தில் முதல் தடவையாக. மகன் பேசுவதில்லை, வீட்டில் சமைப்பது முதல் சம்பளத்தைச் செலவு செய்வது வரை எதுவும் அவர் முடிவில்லை. பலம் வேறு, தெம்பு வேறு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த உளவியலாளர்களும் இதைத்தான் சொல்கிறார்களாம், பிறர் பிடித்துத் தள்ளுவதால் செய்கிற காரியம் தெம்பைக் குடிக்கும், தானாக விரும்பிச் செய்வது அவ்வளவு குடிக்காது. அவர் மனநல டாக்டரைப் பார்க்கிறார். வாரத்துக்கு ஒரு நாள் என்ன பலகாரம் போடுவது என்பதை அவரிடம் விட்டுவிட்டேன். கந்தரப்பம்தான் போடுகிறார் எப்போதும்.

கைப்பிடி அளக்கிற கருவியை ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறையில் பார்த்தேன். இடுக்கி மாதிரி இருக்கும், மூச்சை அடக்காமல் முழு பலத்தோடு நெரிக்க வேண்டும். எனக்கு வலது கையில் 15 கிலோ. பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே என்றால் தசை பலவீனம் என்று ஆசிய மருத்துவர்கள் குழு 2019இல் எல்லை வைத்திருக்கிறது, அதுவும் வயதானவர்களுக்கான எல்லை. கைப்பிடியில் என்ன இருக்கிறது என்று சாதாரணமாக நினைக்க வேண்டாம். இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரை வைத்துச் செய்து 2015இல் வெளியான ஆய்வில், பிடி 5 கிலோ குறைவாக இருந்தவர்களுக்குச் சாவு அபாயம் 16 சதவீதம் கூடுதலாக இருந்திருக்கிறது. கை பலவீனமாவதால் சாகிறார்கள் என்பதில்லை, உடம்பில் எங்கே குறை இருந்தாலும் பிடியில் தெரிந்துவிடுகிறது. என் முறுக்கு சொன்னதும் அதைத்தான். 80இல் விரல் நின்ற அன்றைக்கே எனக்குச் சேதி வந்துவிட்டது, நான்தான் மண்டபத்துக்கும் ஏசி அறைக்கும் போய்க்கொண்டிருந்தேன்.

இப்போது ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கங்களில் மாதம் ஒரு முறை எழுதுகிறேன். கைப்பிடி இல்லாத நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை விநாடி (12ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும்), அந்த ஐந்து கேள்வியின் மதிப்பெண், குன்றக்குடி போனால் எத்தனை இடத்தில் நின்றேன், ஒரே உட்காரலில் எத்தனை முறுக்கு. 2024 அக்டோபரில் 17 விநாடி, 24 மதிப்பெண், முறுக்கு 60. 2025 மார்ச்சில் 11 விநாடி, 68, 220. இன்னும் 300 வரவில்லை, வராமலும் போகலாம். ஒரு நாள் எழுதுவதை வைத்து எதுவும் முடிவு செய்வதில்லை, தூங்காத இரவுக்கு மறுநாள் எல்லாமே குறைவாகத்தான் வரும். மற்றவர்களோடு ஒப்பிட்டும் பயனில்லை, என்னுடைய போன மாதத்தோடு மட்டும்தான் என் கணக்கு. ஹீமோகுளோபின் 12.1க்கு வந்திருக்கிறது. பச்சரிசியைப் பார்த்தால் இப்போது வாயில் போடத் தோன்றவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

செலவுக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். பரிசோதனை 2,999, வைட்டமின் 2,200, கம்பி பிடித்தது 500, டப்பா 14,400, டிரிப்ஸ் 14,000. கூட்டினால் 34,099. இதில் அந்த 2,999 வீணில்லை, நான் படிக்காததால் வீணானது. 2024 தீபாவளிக்கு ஆர்டரில் பாதியைத் திருப்பிவிட்டேன், அது தனி. குணமானதற்கு ஆன செலவு, ஃபெரிட்டின் மட்டும் வெளியில் எடுத்த 600 ரூபாயும் பஸ் காசும்.

போன வாரம் முகப்பில் நாற்காலியைப் போட்டு எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தேன், மகன் போனில் விநாடி பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு ஆச்சி வந்து நின்று பார்த்தார். 82 வயது. இன்றைக்கும் தரையில் சம்மணம் போட்டுத்தான் சாப்பிடுவார். கையை ஊன்றாமல் எழுவார். பிரேசிலில் தரையில் உட்கார்ந்து எழுவதற்குப் பத்து மதிப்பெண் வைத்து, கையோ முழங்காலோ ஊன்றினால் ஒவ்வொன்றாகக் குறைத்து, 51 முதல் 80 வயது வரை 2,002 பேரைப் பரிசோதித்திருக்கிறார்கள். குறைவாக வாங்கியவர்கள்தான் அதிகம் இறந்திருக்கிறார்கள். ஆச்சியின் வயதுக்கு அதில் இடமே இல்லை. "என்னத்தா பண்றே, பிரார்த்தனையா?" என்றார். சொன்னேன். "தள்ளு" என்று சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்தார். மகன் போனைக் காட்டினான், 11 விநாடி, அப்படியே என்னுடைய கணக்கு. ஆச்சி மூச்சு விட்டுக்கொண்டு கேட்டார்: "இதுக்கு எம்புட்டுக் காசு வாங்குறாக?"